வாசலைத் தாண்டிப் போகட்டும் – ஒரு கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 74 வயது. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு என்னோடு வந்துவிடச் சொன்னேன், மறுக்கிறார். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று. அன்றிலிருந்து வெளியே போகவே கூடாது என்று சொல்லிவிட்டேன். மளிகை, மருந்து எல்லாம் ஆப்பில் போட்டுவிடுகிறேன். வீட்டில் கேமரா வைக்கலாமா? விழுந்தால் தகவல் அனுப்பும் வாட்ச் வாங்கலாமா? இல்லை, நல்ல முதியோர் இல்லமாகப் பார்ப்பதா? வீட்டை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி மாமா வேறு வற்புறுத்துகிறார்.

க., பெங்களூரு

அன்புள்ள க.,

எங்கள் தெருவில் இப்போதுதான் புது ரோடு போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்ததிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் உங்கள் கடிதம் வந்து விழுந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கேமரா, அம்மா சரி என்றால் வையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் வீடு. வாட்சை மறக்காமல் சார்ஜ் போட்டுக் கட்டிக்கொள்வாரா என்பதும் அவருக்குத்தான் தெரியும். தானே சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு முதியோர் இல்லம் எதற்கு? அந்தப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள்.

விழுந்தது பாத்ரூமில் என்கிறீர்கள். அந்த பாத்ரூமில் இதுவரை என்ன மாற்றினீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை. விழுந்த பிறகு தகவல் சொல்லும் கருவியைத் தேடுகிறீர்கள், விழாமல் தடுக்கும் கம்பியைத் தேடவில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வயதானவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். ஊருக்குப் போனால் அந்தக் குழாயை அசைத்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் பூச்சு விரிசல் விட்டு, பைப் ஆடினால், அம்மா எத்தனை நாளாக அதை நம்பி எழுந்துகொண்டிருக்கிறார் என்று புரியும். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, செங்கல் சுவரில் துளை போட்டு, ஸ்டீல் கைப்பிடி வையுங்கள். உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் வகை வேண்டவே வேண்டாம், கழன்று வரும். வழவழ டைல்ஸ் இருந்தால் சொரசொரப்பானதாக மாற்றுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் கதவை அடைத்தபடி விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், படுத்திருந்து சட்டென்று எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கொஞ்சம் உட்கார்ந்திருந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். மாத்திரைகளையெல்லாம் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

சரி, அது ஒரு வேலை. என்னைச் சுட்டது வேறொரு வரி. "வெளியே போகவே கூடாது என்று சொல்லிவிட்டேன்." இதை அக்கறை என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

காலடிப்பேட்டையில் என் பெரியம்மா ஒருவர் இருந்தார். வாடகை வீடு, தரைத்தளம். வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வருவார். அவர் குடிவந்தபோது தெருவிலிருந்து படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டதில் தெரு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. கடைசியில் படி இறங்கி வீட்டுக்குள் போகும்படி ஆனது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, வீட்டுக்காரர் வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்பு கட்டிவிட்டார். பெரியம்மா ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புடவையைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, அடுத்த காலை இழுக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு இன்னா அவசரம், மெதுவா வரேன், நீ போ கண்ணு" என்பார். பிள்ளைகள் பயந்து வெளியே போகவேண்டாம் என்றார்கள். கோயில் நின்றது, மார்க்கெட் நின்றது, எதிர்வீட்டுத் திண்ணைப் பேச்சும் நின்றது. சில மாதங்களில் தொடை இளைத்து, நாற்காலியிலிருந்து எழுவதற்கே கை தேவைப்பட்டது. அவர் விழுந்தது அந்த வாசலில் இல்லை, சமதரையில், சமையலறையில். இடுப்பு எலும்பு முறிந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அவரைக் கொண்டுபோனது அந்த வாசல்தான் என்று இன்றும் சொல்வேன். நடக்காத கால் பலம் இழக்கும். பலம் இழந்த கால் தடுமாறும். தடுமாற்றத்தைப் பார்த்து நாம் இன்னும் இறுக்கி உட்காரவைப்போம். பழக்கப்படுத்தினால் எந்த வயதிலும் காலில் ஓரளவு பலம் ஏறும். சமநிலைப் பயிற்சி விழுவதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, இவ்வளவு போதும் தொடங்க. மணிக்கட்டு ஆறட்டும், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கூட இருந்து சொல்லித்தரட்டும்.

நமக்கு அம்மா உயிரோடு இருக்க வேண்டும். அம்மாவுக்கோ எம்.சி. ரோட்டுக்குப் போய்ப் பேரம் பேசி உள்பாவாடைத் துணி வாங்க வேண்டும், போகும் வழியில் நாலு பேர் "எங்கம்மா கிளம்பிட்டே" என்று கேட்க வேண்டும். அவர் பெங்களூருக்கு வர மறுப்பதைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். தெரிந்த முகம் இல்லாத அபார்ட்மெண்டில் லிப்ட் இருந்து என்ன, இறங்கி யாரிடம் போவார்? மளிகையை ஆப்பில் போடுவதைக் குறையுங்கள். கனமான அரிசி மூட்டையை மட்டும் வரவழையுங்கள், கீரையை அவரே போய் வாங்கட்டும். 60 வயது தாண்டிய சென்னைக்காரர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, வாங்கித் தந்தீர்களா?

உங்கள் வீட்டு வாசல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உயரமான தடுப்பு இருந்தால் இரண்டு பக்கமும் அகலமான படி வைத்து, ஓரத்தில் கம்பி போடுங்கள். தெருவில் ரோடு போட வந்தால், பழையதைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று தெருக்காரர்களோடு சேர்ந்து கவுன்சிலரிடம் கேளுங்கள். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, மேல்பூச்சைச் சுரண்டிய பிறகே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவே போட்டார். வீடுகள் தாழ்ந்துபோவது அதிலேயே காரணமாகச் சொல்லப்பட்டது. அதைக் கேட்பது நம் உரிமை. பெங்களூரிலிருந்து போன் போட்டும் கேட்கலாம்.

முதியோருக்கான அரசு உதவி எண் 14567. அம்மாவின் போனில் பதிந்து வையுங்கள்.

வீட்டுப் பத்திரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, கடைசிவரை பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் தீர்ப்பாயத்தில் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால் அம்மாவுக்கு நல்ல பிடி. ஆனால் உங்களுக்கு இப்போது அதற்கு என்ன அவசரம் வந்தது? வீடு அவர் பெயரிலேயே இருக்கட்டும். மாமாவிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.