பயணம் அதிகம், முடிவு தாமதம்: கனடியக் குடியுரிமை பற்றிச் சில கேள்விகள்

கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவர்களில் அடிக்கடி வெளிநாடு போய்வந்தவர்களின் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை நீக்கிவிட்டேன்.

கணினித் துறையில் ஆலோசகராக இருக்கிறேன். வேலைக்காக நியூ ஜெர்சிக்கும் சென்னைக்கும் ஓயாமல் பறந்துகொண்டிருந்தேன். என்னோடு பரீட்சை எழுதியவர்கள் சத்தியப்பிரமாணம் எடுத்து, கடவுச்சீட்டும் வாங்கிவிட்டார்கள். இணையத்தில் என் கோப்பைப் பார்த்தால், கனடாவில் இருந்த நாட்களைச் சரிபார்க்கும் பகுதி மட்டும் முடியாமல் நிற்கிறது. அதிகம் பயணம் செய்ததால் என்னைச் சந்தேகிக்கிறார்களா? — மார்க்கம்

சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் நீங்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். சட்டத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்ற நாட்களில் எங்கே இருந்தீர்கள், எத்தனை முறை விமானம் ஏறினீர்கள் என்பதற்காக எவரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் ஊருக்கு இரண்டு முறை போய்வந்தவரின் கணக்கைப் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், மாதம் தவறாமல் பறந்தவரின் கணக்கைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் எழுதிக்கொடுத்த ஒவ்வொரு தேதியையும் எல்லைச் சேவை முகமையின் பதிவோடு ஒப்பிட வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் கோப்பு தனியாக எடுத்து வைக்கப்படலாம்.

உங்களிடம் 1,095க்கு மேல் எத்தனை நாட்கள் உபரியாக இருக்கின்றன என்று எழுதவில்லையே? அதுதான் முக்கியம். நூறு நாட்கள் உபரி இருந்தால் சில தேதிகள் பிசகினாலும் விண்ணப்பம் விழாது. நான்கைந்து நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தவருக்கு ஒரு பயணத்தின் தேதியே போதும், கவிழ்ப்பதற்கு.

ஒவ்வோர் ஆண்டும் 183 நாட்கள் இருந்திருக்க வேண்டுமாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது 2015 ஜூனில் வந்து 2017 அக்டோபர் 11இல் போன விதி. யாரோ பழைய தகவலைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

அம்மாவுக்குச் சுகமில்லாததால் ஐந்து ஆண்டுகளில் பலமுறை யாழ்ப்பாணம் போய்வந்தேன். இப்போது வசிப்பிடம் பற்றிய நீண்ட கேள்விப் படிவம் ஒன்றை அனுப்பி, கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும் கேட்கிறார்கள். முத்திரைகளைப் பார்த்துத்தான் தேதிகளை எழுதினேன். எங்கே தவறு நடந்திருக்கும்? — ஸ்காபரோ

முத்திரையைப் பார்த்து எழுதியதில்தான் நடந்திருக்கும். இந்தச் சிக்கலோடு வருகிறவர்களின் கடவுச்சீட்டை வாங்கியதும் நான் முதலில் திறப்பது கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவின் முத்திரை விழுந்த பக்கத்தைத்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். மார்ச் 14 இரவு ரொறன்ரோவில் விமானம் ஏறுகிறீர்கள். இடையில் எங்கோ மாறி, கொழும்பில் இறங்கும்போது தேதி 16. முத்திரையில் விழுவது 16. கனடாவை விட்டுப் போகும்போது கடவுச்சீட்டில் எவரும் முத்திரை குத்துவதில்லை என்பதால், உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த 16தான். அதையே புறப்பட்ட தேதியாக எழுதிவிடுகிறீர்கள். ஏப்ரல் 10இல் திரும்பி வருகிறீர்கள். உங்கள் கணக்குப்படி 24 நாட்கள் கனடாவில் இல்லை. உண்மையில் இல்லாதது 26 நாட்கள். புறப்பட்ட நாளும் வந்திறங்கிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். அதனால் மார்ச் 15 முதல் ஏப்ரல் 9 வரை எண்ணிப் பாருங்கள்.

ஒரு பயணத்துக்கு இரண்டு நாள் என்றால் பெரிதாகத் தெரியாது. ஆறு பயணங்களுக்கு அதுவே 12 நாட்கள். இப்படிப்பட்ட பிழைகள் முன்பு கண்ணில் படாமல் போனதுண்டு. 2020 ஜூன் 25 முதல் விமானத்தில் வெளியேறுகிறவர்களின் விவரத்தையும் எல்லைச் சேவை முகமை திரட்டுகிறது. அமெரிக்க எல்லையைத் தரைவழியாகக் கடப்பது அதற்கும் முன்பே பதிவாகத் தொடங்கிவிட்டது. ஆகவே நீங்கள் 16 என்று எழுதியிருக்கும் இடத்தில் அதிகாரியின் திரையில் 14 என்று இருக்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படிவத்தைத் தொடுவதற்கு முன்பு, தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பயண வரலாற்று அறிக்கையை எல்லைச் சேவை முகமையிடம் கேட்டு வாங்குங்கள், கட்டணம் இல்லை. அது வருவதற்குள் கெடு முடிந்துவிடும் போலிருந்தால், காரணத்தைச் சொல்லி எழுத்துமூலம் அவகாசம் கேளுங்கள். மின்னஞ்சலில் பழைய டிக்கெட்டுகளைத் தேடி எடுங்கள். பிறகு எல்லாப் பயணங்களையும் ஒரே அட்டவணையில், புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, போன காரணம், கையிலுள்ள சான்று என்று வரிசையாக எழுதுங்கள். முதலில் கொடுத்த தேதி தவறு என்றால், இன்ன காரணத்தால் தவறியது, சரியான தேதி இது என்று நீங்களாகவே எழுதிவிடுங்கள். திருத்திக்கொடுத்த பிழையை அதிகாரிகள் பெரும்பாலும் பிழையாகவே பார்க்கிறார்கள். மறைத்தால் கதை வேறு. பொய்த்தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

நீங்கள் இங்கே இருந்த நாட்களுக்கும் சான்று வேண்டும். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம் எல்லாம் நல்லவைதான். என் அனுபவத்தில், ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியில் உங்கள் பெயரில் பதிவான வைத்தியர் சந்திப்புகளின் பட்டியலுக்கு அவற்றைவிட எடை அதிகம். இன்ன தேதியில் இந்த ஊரில் ஒரு வைத்தியரின் முன் உட்கார்ந்திருந்தீர்கள் என்று அது சொல்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கையில் மாதாந்தம் தானாகக் கழியும் தொகைகள் எதையும் நிரூபிக்காது. கடையில் அட்டையைத் தேய்த்து அரிசி வாங்கிய வரி நிரூபிக்கும். முந்நூறு பக்கங்களை அள்ளி அனுப்பாதீர்கள். எந்தப் பக்கம் எந்த மாதத்துக்குச் சான்று என்று குறித்து அனுப்புங்கள்.

முத்திரை மங்கிப்போன பக்கங்களுக்காகக் கவலைப்பட வேண்டாம். தேதி தெரியவில்லை என்று எழுதி, அந்தப் பயணத்தின் டிக்கெட்டை இணைத்தால் போதும்.

கனடிய நிறுவனம்தான் என்னை இரண்டு ஆண்டுகள் துபாய்க்கு அனுப்பியது. வரி இங்கே கட்டினேன், வீடு இங்கே, மனைவி கனடியக் குடிமகள். அந்த நாட்கள் கனடாவில் இருந்ததாகவே கணக்கில் வரும் என்று நண்பர் சொன்னார். — கல்கரி

வராது. நண்பர் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பிவிட்டார். நிரந்தர வதிவுரிமையைக் காப்பாற்றிக்கொள்ள 5 ஆண்டுகளில் 730 நாட்கள் தேவை. அந்தக் கணக்கில், கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிய நாட்களும், கனடியக் குடிமகளான மனைவியோடு வெளிநாட்டில் இருந்த நாட்களும் சேரும். குடியுரிமைச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. கனடிய ஆயுதப் படையிலோ அரசுப் பணியிலோ இருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கும்தான் விதிவிலக்கு.

வீடும் வரியும் இங்கே இருந்தது என்ற வாதத்துக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. 2015க்கு முன்பு, ஒருவரின் வாழ்க்கை எந்த நாட்டை மையமாகக் கொண்டிருக்கிறது என்று பார்க்கக் குடியுரிமை நீதிபதிகளுக்கு இடம் இருந்தது. 1978இலும் 1992இலும் வந்த சமஷ்டி நீதிமன்றத் தீர்ப்புகளைப் பிடித்துக்கொண்டு, நாட்கள் குறைந்தவர்களும் வென்றார்கள். இப்போது எண்ணிக்கை மட்டும்தான்.

துபாய் நாட்களைக் கழித்தால் 1,095க்குக் கீழே போகிறீர்களா? போகிறீர்கள் என்றால் நிராகரிப்புக் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள். விண்ணப்பித்த பிறகு இங்கே இருந்த நாட்களை அந்தப் பழைய விண்ணப்பத்தில் சேர்க்க வழியே இல்லை. புதிய விண்ணப்பத்துக்கு அவை உதவும். பரிசீலனை தொடங்கிவிட்டால் 530 டொலர் பரிசீலனைக் கட்டணம் போனது போனதுதான். குடியுரிமை உரிமைக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். துபாயில் தொடர்ந்து 183 நாட்களோ அதற்கு மேலோ இருந்தது கடந்த 4 ஆண்டுகளுக்குள் என்றால், புதிய விண்ணப்பத்தோடு அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் வேண்டும்.

மொன்றியலிலிருந்து எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் உள்ள பிளாற்ஸ்பேர்க் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு அன்று மாலையே திரும்பிய பயணங்களையும் எழுத வேண்டுமா? — மொன்றியல்

வேண்டும். ஒரு நாளும் கழியாது, ஆனால் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எல்லைப் பதிவில் இருக்கும், உங்கள் படிவத்தில் இருக்காது.

மாணவியாக இருந்த நான்கு ஆண்டுகள் முழுதாகச் சேருமா? — வாட்டர்லூ

நிரந்தர வதிவுரிமை கிடைப்பதற்கு முன்பு முறையான அனுமதியோடு இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். அதுவும் 5 ஆண்டு எல்லைக்குள் வருபவை மட்டும், அதிகபட்சம் 365 நாட்கள் வரைதான். விடுமுறைக்கு ஊருக்குப் போன நாட்களை அதிலிருந்தும் கழிக்க மறக்காதீர்கள்.

விண்ணப்பித்து ஓராண்டாகிறது. திருச்சியில் அப்பா படுக்கையில் இருக்கிறார். இப்போது போனால் விண்ணப்பம் கெட்டுவிடுமா? — பிறம்ரன்

போய் அப்பாவைப் பாருங்கள். நாட்கணக்கு விண்ணப்பித்த அன்றோடு முடிந்துவிட்டது. ஆனால் திரும்பி வரும்வரை வதிவுரிமை அட்டை காலாவதியாகாமல் இருக்க வேண்டும். 730 நாள் நிபந்தனை சத்தியப்பிரமாணம் வரை உங்களைத் தொடரும். மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், குப்பைப் பெட்டி உட்பட. அழைப்புக்கு வர முடியாவிட்டால் உடனே பதில் எழுதி வேறு தேதி கேளுங்கள். பதிலே எழுதாமல் இருந்தவர்களின் கோப்புகள் கைவிடப்பட்டதாக மூடப்பட்டிருக்கின்றன.

சத்தியப்பிரமாணம் இணையவழியில் நடந்தாலும் அந்த நேரத்தில் நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். அதை எடுத்த நிமிடமே வதிவுரிமை அட்டை செல்லாது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பதால் இந்தியக் கடவுச்சீட்டையும் பயணத்துக்குப் பயன்படுத்த முடியாது. புதிய கனடியக் கடவுச்சீட்டு, அதில் இந்திய விசா என்று இரண்டும் கைக்கு வர வாரங்கள் ஆகலாம். அப்பாவின் நிலை மோசமாக இருந்தால், அழைப்பு வந்ததும் ஓடிப்போய்ச் சத்தியம் எடுப்பதைவிடத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பது நல்லது என்றே சொல்வேன்.

கேள்விப் படிவத்தை நிரப்பிக்கொடுத்து இரண்டு ஆண்டுகளாகியும் பதில் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகமும் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்றே சொல்கிறது. வழக்குப் போடலாமா? — மிசிசாகா

முதலில் 5 டொலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பின் அதிகாரிக் குறிப்புகளை வாங்குங்கள். எங்கே நிற்கிறது என்று அதில் தெரியும். நாட்கணக்கில் அதிகாரிக்குத் திருப்தி இல்லாவிட்டால் அவராக நிராகரிக்க முடியாது. குடியுரிமை நீதிபதிக்கு அனுப்ப வேண்டும், அவர் 60 நாட்களில் தீர்மானிக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் கோப்பு நீதிபதிக்கும் போகாமல், முடிவும் ஆகாமல் கிடந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முடிவெடுக்கும்படி உத்தரவிடச் சொல்லிச் சமஷ்டி நீதிமன்றத்தை நாடலாம். 1990களின் இறுதியில் இதே போன்ற குடியுரிமைத் தாமத வழக்கொன்றில் அந்த நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்தது: அந்த வேலைக்கு இயல்பாக ஆகக்கூடிய காலத்தைத் தாண்டிவிட்டதா, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமா, அரசிடம் ஏற்கத்தக்க விளக்கம் இருக்கிறதா. இன்னும் பாதுகாப்புச் சோதனை நடக்கிறது என்ற ஒரு வரி மட்டும் எப்போதும் போதுமான விளக்கமாகிவிடாது. ஆனால் ஒன்று: நீதிமன்றம் ‘முடிவெடு’ என்று சொல்லுமே தவிர, ‘குடியுரிமை கொடு’ என்று சொல்வது அரிது. நாட்கணக்கு பலவீனமாக இருந்தால், வென்ற வழக்கு நிராகரிப்பை விரைவில் கொண்டுவரும். எனவே அட்டவணையை மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். பல நேரங்களில் அவர் அனுப்பும் முதல் கோரிக்கைக் கடிதத்திலேயே கோப்பு அசைந்துவிடுகிறது.