அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்: வலியா, மனச்சோர்வா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. புற்றுநோய்க்கு டாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார், வலிக்கும் மாத்திரை தருகிறோம். ஒரு மாதமாகப் பேச்சே இல்லை, பேத்தி வந்தால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனநல மருத்துவரிடம் போகலாமா?

போங்கள். வலியா மனச்சோர்வா என்றால் பெரும்பாலும் இரண்டும்தான், எது முதலில் வந்தது என்று ஆராய்ந்தால் நாள்தான் போகும். வலியில் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் மனசு தளர்கிறது, தளர்ந்த மனசுக்கு அதே வலி இரண்டு மடங்காகத் தெரிகிறது, நடுராத்திரியில் இடுப்பெலும்பு குடையும்போது 'இன்னும் பரவிடுச்சோ' என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. "இந்த நோய் வந்தா யாருக்குத்தான் கஷ்டமா இருக்காது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள் பாருங்கள், எனக்கு ஆகவே ஆகாத பேச்சு அது.

முதலில் வலி. மாத்திரையை எப்படித் தருகிறீர்கள்? "வலிச்சா சொல்லும்மா" என்றா? பல அம்மாக்கள் சொல்லமாட்டார்கள். நாள் முழுக்க இருக்கிற வலிக்கு, வலி வருமுன் மணி பார்த்துத்தான் தர வேண்டும். மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தைச் சொன்னால் பயப்படாதீர்கள். அதனால் வரும் மலச்சிக்கலுக்கு மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேளுங்கள். எலும்பு வலிக்கு ஒரே முறை கதிர்வீச்சு தந்தாலே பலருக்கு நன்றாகக் குறைகிறது, அதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து மனசு. பசியின்மை, அசதி எல்லாம் நோயாலும் சிகிச்சையாலும் வரும், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. பேத்தியைப் பார்க்காததுதான் எனக்கு உறுத்துகிறது. பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல், "உங்களுக்குப் பாரமா இருக்கேன்" என்ற பேச்சோடு இரண்டு வாரம் தாண்டினால் அது வெறும் வருத்தமில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றம் ஓரிரு நாளில் திடீரென்று வந்து, ஆளும் நேரமும் குழம்பினால் கதையே வேறு. எலும்புக்குப் பரவியவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் இப்படி மந்தமாவார்கள், உடனே பரிசோதிக்க வேண்டும்.

மனநல மருத்துவரிடம் போகும்போது முழு மருந்துப் பட்டியலும் கையில் இருக்கட்டும். டாமோக்சிஃபென் சாப்பிடுபவருக்கு ஃப்ளுவோக்ஸெடின், பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்துகள் ஒத்துவராது, டாமோக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும். வென்லாஃபாக்சின் மாதிரி வேறு உண்டு. வலிக்கு டிரமடால் தந்தால் அதையும் சொல்லுங்கள், சில மனச்சோர்வு மருந்துகளோடு அது மோதும். அப்புறம், மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஒரே வாரத்தில் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள்.