கால் குளிர்ந்தால் நரம்பும் மந்தமாகும்

நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தை அளக்கும் பரிசோதனையில், மார்ச்சில் நொடிக்கு 44 மீட்டர் இருந்த கால் நரம்பின் வேகம் ஜூலையில் வேறொரு லேபில் 39 ஆகிவிட்டது, 9 வருட சர்க்கரை நோய் நரம்பைத் தின்றுகொண்டே வருகிறதா, படுத்த படுக்கையாகிவிடுவேனா என்று குலசேகரத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள்.

அந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. ஜூலையில் சாரலில் நனைந்தபடி பைக்கில் மார்த்தாண்டம் போய், ஏசி அறையில் காத்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோல் 1 டிகிரி குளிர்ந்தால் நரம்பின் வேகம் சுமார் 1.5 முதல் 2.5 மீட்டர் குறையும். கால் 3 டிகிரி குளிர்ந்திருந்தாலே உங்கள் 5 மீட்டருக்குக் கணக்குச் சரியாகிவிடும். ரிப்போர்ட்டில் தோலின் வெப்பநிலை இருக்கிறதா, பாருங்கள். எழுதவில்லை என்றாலோ, காலில் 30 டிகிரிக்குக் கீழ் இருந்தாலோ பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீர்கள்.

அதே பரிசோதனையில் நரம்பிலிருந்து பதிவாகும் மின் அலையின் உயரம் 8 மைக்ரோவோல்ட்டிலிருந்து 6 ஆனதற்குக் குளிர் காரணமில்லை. குளிரில் உயரம் சற்றுக் கூடத்தான் செய்யும். எலக்ட்ரோடை ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினாலும், பாதம் வீங்கியிருந்தாலும் இப்படி இறங்கும். வேகத்தைவிட உயரம்தான் ஒவ்வொரு முறையும் அதிகம் ஆடும்.

அடுத்த பரிசோதனை ஒரு வருடம் கழித்துப் போதும். முதலில் எடுத்த அதே லேபில் எடுங்கள். காலில் எண்ணெயோ கிரீமோ வேண்டாம். அரைமணி முன்னதாகப் போய், கால் சில்லென்று இருந்தால் சூடேற்றிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். மரத்த காலுக்கு வெந்நீரை நீங்களாக ஊற்றாதீர்கள், வெந்துபோனாலும் தெரியாது.

யூடியூப் பார்த்து மெடிக்கல் ஷாப்பில் போட்டுக்கொள்ளும் 'நரம்பு ஊசி'யை இன்றே நிறுத்துங்கள். சில ஊசிகளில் வைட்டமின் பி6 மட்டும் 100 மில்லிகிராம் இருக்கிறது. அது மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள், அது வைட்டமின் பி12-ஐக் குறைக்கலாம், அதனால் பி12 அளவை மட்டும் ரத்தத்தில் பாருங்கள். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது ஒன்றுதான்: பலக்குறைவு. அதுவும் நாள்கணக்கில் ஏறுவது. இன்று பாதம் இழுபடுகிறது, நாளை குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை, மறுநாள் கையும் தளர்கிறது என்றால் அது சர்க்கரையின் வேலை அல்ல, கில்லன்-பாரே என்ற வேறு நரம்பு நோயாக இருக்கலாம். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களில் இது வரலாம். மூச்சையும் விழுங்குவதையும் பாதித்துவிடலாம். இங்கேதான் பரிசோதனை எதிர்ப்பக்கமாக ஏமாற்றும்: முதல் வாரத்தில் ரிப்போர்ட் ஏறக்குறைய நார்மலாகவே வரலாம். லேபுக்கு நாள் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.