வாசகர் கேள்வி–பதில்: மாடு மேயும் நிலமும் டெக்சஸ் சொத்து வரியும்

கேள்வி: ரவுண்ட் ராக்கில் வசிக்கிறோம். பர்னெட் கவுண்டியில் 20 ஏக்கர் நிலம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. “ஏற்கெனவே விவசாய வரிச் சலுகை உள்ள நிலம், இரண்டு மாடுகளை விட்டுவைத்தால் போதும், வரியைப் பற்றிக் கவலையே வேண்டாம்” என்கிறார் நிலத் தரகர். நம்பி வாங்கலாமா?
— வாசகர், டெக்சஸ்

பதில்: தரகர் சொன்னதில் முதல் பாதி உங்களுக்குச் சாதகமானது. இரண்டாம் பாதியை மட்டும் அவர் வாய்ச்சொல்லை வைத்து ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிகளும் கவுண்டிகளும் பெரிதும் சொத்து வரியை நம்பியே நடப்பதால், வரி விகிதமும் அதிகம். விவசாயிகள் இந்தச் சுமையால் நிலத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக, 1978-ஆம் ஆண்டு மாநில அரசியல் சாசனத்தில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி, வேளாண்மைக்குப் பயன்படும் நிலத்தை அதன் சந்தை விலைக்கு மதிப்பிடாமல், அந்த வகை நிலம் தரக்கூடிய நிகர வருவாயைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். உங்கள் 20 ஏக்கரின் சந்தை மதிப்பு 4 லட்சம் டாலர், வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வரி 8,000 டாலர். அதே நிலத்தின் மேய்ச்சல் மதிப்பு ஏக்கருக்கு 100 டாலர் என்றால் வரி 40 டாலர்தான். இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான், நகரத்தில் கணினி வேலை பார்ப்பவர்கள்கூட மாடுகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

சட்டம் கேட்பது மூன்று. நிலம் இப்போது முதன்மையாக வேளாண்மைக்குப் பயன்பட வேண்டும். கடந்த 7 ஆண்டுகளில் குறைந்தது 5 ஆண்டுகள் அவ்வாறு பயன்பட்டிருக்க வேண்டும். அந்தப் பயன்பாடு, அந்த வட்டாரத்தில் பொதுவாக நடக்கும் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நகர எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்கு விதி இன்னும் கடுமையானது. இரண்டாவது நிபந்தனையில் உங்களுக்குச் சிக்கலில்லை, ஏனெனில் நிலத்தின் பழைய வரலாறு கைமாறினாலும் அழியாது. ஆனால் சலுகை தானாகக் கைமாறுவதில்லை. புதிய உரிமையாளர் தம் பெயரில் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. தவறினால், அந்த ஆண்டின் மதிப்பீட்டுப் பட்டியல் இறுதியாவதற்குள் விண்ணப்பிக்கலாம். ஆனால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதத்தை அபராதமாகக் கட்ட நேரும். வாங்கியவர்கள் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

“இரண்டு மாடு” என்ற கணக்கு மூன்றாம் நிபந்தனையைச் சார்ந்தது. ஓர் ஏக்கருக்கு இத்தனை மாடு என்று மாநிலம் முழுவதற்கும் பொதுவான எண் எதுவும் இல்லை. ஒவ்வொரு கவுண்டியும் தன் மண்ணையும் மழையையும் பார்த்து அளவை வகுத்துக்கொள்கிறது. சுமார் 1,000 பவுண்டு எடையுள்ள தாய்ப்பசுவை ஓர் அலகாகக் கொண்டு, அதற்கு எத்தனை ஏக்கர் என்று கணக்கிடுவார்கள். மழை மிகுந்த கிழக்கு டெக்சஸின் விதைத்து வளர்த்த புல்வெளியில் ஒரு பசுவுக்குச் சில ஏக்கர் போதும். சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்த உங்கள் பகுதியில் அதைப் போலப் பல மடங்கு தேவைப்படும். மேற்கே போகப் போக இன்னும் கூடும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கவுண்டியின் எழுத்து வடிவிலான வழிகாட்டு விதிகளை வாங்கி, குறைந்தபட்ச நிலப்பரப்பு எவ்வளவு, மாடுகள் எத்தனை, ஆண்டில் எத்தனை மாதம் மேய வேண்டும் என்ற மூன்றையும் படித்துவிடுங்கள். நீங்கள் வீடு கட்டிக் குடியேறும் பகுதி, வழக்கமாக ஓர் ஏக்கர், இந்தச் சலுகையில் சேராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மாடு உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. சட்டம் நிலத்தின் பயன்பாட்டைப் பார்க்கிறதே தவிர, மாட்டின் சொந்தக்காரரைப் பார்ப்பதில்லை. வார இறுதியில் மட்டும் போய்வரக்கூடிய ஒருவர் சொந்தமாக மாடு வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர்த் தொட்டி ஒரு நாள் வறண்டாலும் வதைபடுவது அந்த வாயில்லா ஜீவன்தான். அக்கம்பக்கத்துப் பண்ணையாளர் ஒருவருக்கு மேய்ச்சல் குத்தகைக்கு விடுவதே நடைமுறைக்கு ஒத்து வரும். குத்தகைப் பணம் சொற்பமாகத்தான் கிடைக்கும். உங்கள் லாபம் வரியில் இருக்கிறது. ஆனால் குத்தகையை எழுத்தில் வையுங்கள். எத்தனை மாடுகள், எந்த மாதங்களில், முள்வேலியைப் பழுதுபார்ப்பது யார், தண்ணீர் யார் பொறுப்பு, மாடு சாலைக்குப் போய் விபத்து நேர்ந்தால் காப்பீடு யாருடையது என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மாடுகளின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பும் போடுங்கள். வேரோடு மேய்ந்துவிட்ட புல் அந்த மண்ணில் எளிதில் மீளாது. அந்த நஷ்டம் குத்தகைதாரருக்கு அல்ல, உங்களுக்கு.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். எங்கள் நிலத்தில் மேயும் கன்றுகள் கடைசியில் இறைச்சிக்குத்தான் போகும் என்பது மனத்தை உறுத்துகிறது. வேறு வழி உண்டா?
— வாசகி, டெக்சஸ்

பதில்: உங்கள் உறுத்தல் நியாயமானது. அங்கே பெரும்பாலான சிறு பண்ணைகள், தாய்ப்பசுக்களை வைத்துக்கொண்டு கன்றுகளை ஏலச் சந்தைக்கு அனுப்புபவையே. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆட்டுக்கு மாறினாலும் கதை அதுதான்.

புல் வளர்த்து அறுத்துக் கட்டுகளாக விற்பது முதல் வழி. மண் ஆழமான, சமமான நிலத்துக்கு மட்டும் பொருந்தும். தேனீ வளர்ப்பு இரண்டாவது. 5 ஏக்கருக்குக் குறையாமலும் 20 ஏக்கருக்கு மேற்படாமலும் உள்ள நிலத்துக்கு, மகரந்தச் சேர்க்கைக்காகவோ தேன் முதலியவற்றுக்காகவோ தேனீ வளர்ப்பதையும் சட்டம் வேளாண்மையாக ஏற்கிறது. பல கவுண்டிகள் முதல் 5 ஏக்கருக்கு ஆறு பெட்டிகள் என்றும், அதற்கு மேல் பரப்புக்கு ஏற்பக் கூடுதல் என்றும் விதித்திருக்கின்றன. பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துப் பராமரிக்கக் கட்டணம் வாங்கும் தேனீ வளர்ப்பாளர்களும் அங்கே உண்டு.

மூன்றாவது, வனவிலங்குப் பராமரிப்பு. 1995-இல் வந்த சாசனத் திருத்தத்தால் இதுவும் வேளாண்மைக்குச் சமமாயிற்று. உறைவிடச் சீரமைப்பு, மண் அரிப்புத் தடுப்பு, கொன்றுண்ணிக் கட்டுப்பாடு, கூடுதல் தண்ணீர், கூடுதல் உணவு, புகலிடம், கணக்கெடுப்பு ஆகிய ஏழில் மூன்றையாவது, திட்டம் எழுதிக் கொடுத்து, ஆண்டுதோறும் செய்ய வேண்டும். மாறுவதற்கு முந்தைய ஆண்டில் நிலம் வேளாண் மதிப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதால், வாங்கிய கையோடு மாடுகளை நிறுத்திவிடாமல் அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பதும் கூடு அமைப்பதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கூடிச் செய்யக்கூடிய வேலைகள்.

பொழுதுபோக்குக்காக இரண்டு குதிரைகளைக் கட்டிவைப்பது இந்தச் சலுகைக்கு உதவாது.

கேள்வி: சில ஆண்டுகள் கழித்து நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றால் பழைய வரியையெல்லாம் கட்டச் சொல்வார்களாமே? வறட்சியில் மாடுகளை விற்க நேர்ந்தாலும் அப்படித்தானா?
— வாசகர், டெக்சஸ்

பதில்: இரண்டும் வேறு. நிலத்தை வீட்டுமனை, கடை என வேளாண்மை அல்லாத பயனுக்கு மாற்றினால், மாற்றிய பகுதிக்கு, முந்தைய 3 ஆண்டுகளில் சலுகையால் மிச்சமான வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு இது 5 ஆண்டுகளாகவும் வட்டியோடும் இருந்தது. 2019-இல் ஆண்டுகளைக் குறைத்தார்கள், 2021-இல் வட்டியை நீக்கினார்கள். இந்தப் பாக்கி நிலத்தின்மேலேயே நிற்பதால், கட்ட வேண்டியது விற்பவரா வாங்குபவரா என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மாடுகளை விற்றுவிட்டு நிலத்தைச் சும்மா போட்டுவைத்தால் சலுகை போகுமே தவிர, பழைய வரி திரும்பி வராது. ஆளுநர் வறட்சிப் பகுதியாக அறிவித்த இடத்தில், வறட்சி நீங்கியதும் மறுபடி மேய்ச்சலைத் தொடங்கும் எண்ணத்தோடு நிறுத்தி வைத்தவர்களுக்குச் சலுகையும் நீடிக்கும். விற்ற ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருப்பவர் இப்படி நிலம் வாங்கலாமா?
— வாசகர், டெக்சஸ்

பதில்: வாங்கலாம். ஆனால் கிரீன் கார்டு இல்லாதவர் வேளாண் நிலம் வாங்கினால், 1978-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அமெரிக்க வேளாண் துறைக்கு அறிக்கை தர வேண்டும். மொத்தம் 10 ஏக்கருக்கு மேற்படாமலும் விளைபொருள் விற்பனை ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேற்படாமலும் இருந்தால் மட்டும் விலக்கு. தவறினால், நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. மாட்டுப் பண்ணையை நீங்களே தொழிலாக நடத்துவது உங்கள் விசாவின் வேலை அனுமதியோடு மோதக்கூடும் என்பதால், குத்தகைக்கு விடுவதாக இருந்தாலும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.