ஒரே பிள்ளைகளை இரண்டு தரம் அளந்தால் எந்த டி சோதனை?

யாழ்ப்பாணத்தில் 30 உயர்தர மாணவரின் பதற்றத்தை மூச்சுப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்துவிட்டு, சுயாதீன டி (t) சோதனை, அதாவது இரு வேறு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை, போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், உங்களுக்குரியது ஒரே ஆட்களின் இரண்டு அளவீடுகளை ஒப்பிடும் சோடி டி சோதனை.

இயல்பாகவே பதறுகிற பிள்ளைக்கு இரண்டு தரமும் புள்ளி கூடத்தான் வரும். சோடிச் சோதனை ஒவ்வொரு பிள்ளையின் முன்-பின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கணக்கைக் குழப்பாது. இயல்நிலைப் பரம்பலை (மணி வடிவப் பரவலை) பார்க்க வேண்டியதும் அந்த வித்தியாசங்களில்தான், மூலப் புள்ளிகளில் அல்ல. பலர் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள்.

நல்லூர்ப் பிள்ளைகளையும் சாவகச்சேரிப் பிள்ளைகளையும் ஒப்பிடுவதென்றால் சுயாதீனச் சோதனை. அதிலும் வெல்ச் முறையையே எடுங்கள். அதற்கு இரு குழுவின் பரவலும் சமமாக இருக்கத் தேவையில்லை.

அறிக்கையில் இரண்டு தரத்துக்கும் இடை (சராசரி), நியம விலகல் கொடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள் (எண்கள் உதாரணத்துக்கு): டி(29) = 2.50, பி = .018, கோஹனின் டி = 0.46. முதல் டி (t) சோதனையின் பெறுமானம்; பி (p), உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய நிகழ்தகவு; கோஹனின் டி (d), மாற்றம் எவ்வளவு பெரியது என்று காட்டுவது. அந்த 29, முப்பது சோடியில் ஒன்று குறைத்தது. எஸ்பிஎஸ்எஸ் (SPSS) மென்பொருள் பி-யை .000 என்று காட்டினால் அப்படியே பிரதி பண்ணாமல் பி < .001 என்று போடுங்கள். கட்டுப்பாட்டுக் குழு இல்லாததால், பயிற்சியால்தான் பதற்றம் குறைந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.