கட்டடமும் ஒரு காட்சிப்பொருளா?

கேள்வி: அறிவியல் அருங்காட்சியகம் என்றாலே இப்போது பூ மாதிரி, கப்பல் மாதிரி, திமிங்கில எலும்புக்கூடு மாதிரி கட்டுகிறார்களே, உள்ளே இருப்பதைப் பார்க்க நான்கு சுவரும் ஒரு கூரையும் போதாதா?

பதில்: போதும். 1969-ல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது ஒரு பழைய கண்காட்சி மண்டபத்தில்தான். எதையும் தொட்டு, திருகி, ஆட்டிப் பார்க்கலாம் என்பதற்காகவே அது பேர் வாங்கியது, கட்டடத்துக்காக இல்லை. அதனால் பார்த்தவுடன் வாய் பிளக்க வைப்பதற்காக மட்டும் வளைத்து நெளித்துக் கட்டினால் அது வீண்தான், நீங்கள் கேட்பது நியாயம்.

ஆனால் கட்டடமே ஒரு பாடமாக நிற்கிற இடங்களும் உண்டு, அவற்றை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிங்கப்பூரின் ஆர்ட்சயின்ஸ் மியூசியம் 2011-ல் திறந்தது, கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி வடிவமைத்தது. தாமரை மாதிரி விரிந்திருக்கும் அதன் கூரை உண்மையில் மழைநீரைப் பிடிக்கும் ஒரு பெரிய கிண்ணம். நடுவில் உள்ள துளை வழியே தண்ணீர் சுமார் 35 மீட்டர் கீழே உள்ள குளத்தில் அருவியாக விழுகிறது, அதைக் கழிப்பறைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஷாங்காய் வானியல் அருங்காட்சியகம் (2021) எனக்கு இன்னும் பிடித்தது. வாசலுக்கு மேலே கூரையில் ஒரு வட்டத் திறப்பு, அதன் வழியே விழும் வெயில் வட்டம் நாள் முழுக்கத் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும், கோடைக்காலத்தின் மிக நீண்ட பகலில் நண்பகலுக்கு முற்றத்தில் போட்டிருக்கும் வட்ட மேடையோடு கச்சிதமாகப் பொருந்தும். பூமி சுற்றுவதை இதைவிட எளிமையாக எந்தப் பலகை எழுதிச் சொல்லிவிடும்?

கேள்வி: சரி, பிள்ளைகளோடு போகும்போது கட்டடத்தில் எதைக் காட்டுவது?

பதில்: உள்ளே ஓடுவதற்கு முன்னால் வெளியே நின்று, இந்த எடையை எது தாங்குகிறது என்று கேளுங்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் சாண்டியாகோ கலாட்ராவா கட்டிய அறிவியல் அருங்காட்சியகத்தில் விலா எலும்பு போன்ற தாங்கிகள் வெளியே தெரியும்படியே நிற்கின்றன, சுமை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று குழந்தையே விரலால் காட்டிவிடும். ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க்கில் ஸஹா ஹதீத் வடிவமைத்த ஃபேனோ அறிவியல் மையம் (2005) கொஞ்சம் கஷ்டமான கேள்வி. தூண்களுக்குப் பதில் கான்கிரீட் கூம்புகள்தான் அதைத் தூக்கி நிற்கின்றன, அந்த மாதிரி சாய்வுகளில் கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டரை விட்டுக் குத்த முடியாது என்பதால் தானாகவே பரவி நிரம்பும் கான்கிரீட்டை ஊற்றினார்கள்.

அப்புறம் கூரை. ஆம்ஸ்டர்டாமில் ரென்ஸோ பியானோ வடிவமைத்த நீமோ அறிவியல் அருங்காட்சியகம் ஒரு சுரங்கப்பாதையின் வாய்க்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கீழே சாலை தண்ணீருக்கு அடியில் இறங்குகிறது, மேலே கூரை அதற்கு எதிராக ஏறுகிறது. அந்தச் சரிவில் நடந்து மேலே போகலாம். பாதி ஏறியதும் பிள்ளையை நிறுத்தி, இப்போது நம் காலுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.