கைதியின் மனுவுக்கு ஏன் கட்டண விலக்கு?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சிறைகளில் இருப்பவர்கள் தங்கள் காவலை எதிர்த்து மனுப் போடும்போது கட்டண விலக்குக் கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் திருட்டுப் போனது. வேலித் தகராறு வழக்குக்கு நான் கைக்காசைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். திருடனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

ச., சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள ச.,

பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் அந்த மனு கேட்பது ஒன்றே ஒன்றுதான்: என்னை அடைத்து வைத்திருப்பது சட்டப்படி சரியா?

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அதற்குக் கட்டணம் வெறும் 5 டாலர். அதுவும் இல்லாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அயோவா மாநிலம் 4 டாலர் கட்டாத ஏழைக் கைதிகளின் மனுவை வாங்க மறுத்தது. அது செல்லாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 4 டாலருக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது!

விலக்கும் சும்மா கிடைப்பதில்லை. பணமில்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். சிறைக் கணக்கில் தன் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று சிறை அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும். மனுவில் எதிர்மனுதாரர் பெரும்பாலும் அந்தச் சிறையின் தலைமை அதிகாரிதான். யார்மீது வழக்கோ, அவர் அலுவலகத்திலிருந்தே ஏழை என்பதற்குச் சான்று வர வேண்டும். கட்டணம் இல்லாமல் வந்தாலும் மனுவைப் பதிவு செய்தாக வேண்டும் என்று விதி இருப்பது பெரிய ஆறுதல்.

நம் டர்பனில் நடந்ததை மறக்கலாமா? நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1985-இல், டயகோனியா என்ற திருச்சபைகளின் சமூக அமைப்பின் இயக்குநர் பேடி கியர்னியை, விசாரணையின்றி அடைத்து வைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவில் பிடித்து வைத்தார்கள். நீதிமன்றம் தலையிடக் கூடாது என்றது அந்தச் சட்டம். பேராயர் டெனிஸ் ஹர்லி துணிந்து வழக்குப் போட்டார். நீதிபதி லியோன் விடுதலை செய்யச் சொன்னார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பே நின்றது. கியர்னிக்காக ஒரு பேராயர் படியேறினார். வெஸ்ட்வில் சிறையில் நாதியற்றுக் கிடப்பவனுக்கு யார் ஏறுவார்கள்? காவல் சட்டப்படியானதா என்று நேரில் நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையை, தண்டனை பெற்றவருக்கும் சேர்த்தே, தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு கொடுத்திருக்கிறது. காசில்லாதவனைத் திருப்பி அனுப்பினால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

உங்கள் வீட்டில் திருடியவனுக்குக் கிடைத்த தண்டனை முறையானது என்றால் அவன் மனு தள்ளுபடியாகும். கட்டண விலக்கு யாரையும் வெளியே கொண்டுவந்துவிடாது. உங்கள் வேலி வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது என்றால், அதன் 40-ஆவது விதியைப் பற்றிப் பதிவாளரிடம் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் கட்டணமின்றி வழக்கு நடத்த அதில் வழி இருக்கிறது.